மூன்றாவது கம்பி

1900ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, சிகாகோ நகரத்து வாடகை அறையொன்றில் கம்பியில்லாத் தந்திப் பரிசோதனைகளில் மூழ்கியிருந்த லீ டி ஃபாரஸ்ட் என்ற இருபத்தேழு வயது இளைஞர், தம் கருவியில் மின்பொறி தெறிக்கும்போதெல்லாம் அறையில் எரிந்துகொண்டிருந்த வாயு விளக்கின் ஒளி மங்குவதையும், பொறி நின்றவுடன் அது பழைய பிரகாசத்தை அடைவதையும் கண்டு பெருவியப்புக் கொண்டார். மின்காந்த அலைகள் சூடேறிய வாயுவைத் தீண்டி அதன் இயல்பை மாற்றுகின்றன என்றும், அப்படியானால் கண்ணுக்குப் புலப்படாத அவ்வலைகளைக் கண்டுகொள்வதற்கு ஒரு சுடரே போதும் என்றும் அவர் அக்கணமே முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவு தவறு. பொறி தெறிக்கும் கருவிக்கும் விளக்குக்கும் இடையே கதவைச் சாத்திப் பார்த்தபோது விளக்கு சிறிதும் மங்கவில்லை. மரக்கதவைத் தடையின்றி ஊடுருவிச் செல்லும் மின்காந்த அலைகளுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை என்பதும், அதுவரை சுடரை அசைத்துவந்தது பொறியின் சத்தமே என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

தெளிவான பிறகும் அவர் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. இந்த விளக்கு ஏமாற்றியிருக்கலாம், ஆனால் சூடான வாயுவில் அலைகளை உணரும் சக்தி ஏதோ ஒன்று இருந்தே தீரும் என்ற நம்பிக்கையோடு, வாயுச் சுடரிலிருந்து மின்விளக்கின் இழைக்கும், அதிலிருந்து கண்ணாடிக் குழலுக்கும் அவர் நகர்ந்து சென்ற பாதையின் முடிவில், 1906ஆம் ஆண்டு இறுதியில், அவர் கைக்கு வந்து சேர்ந்த பொருளே வானொலிக்கும் தொலைதூரத் தொலைபேசிக்கும் பேசும் படத்துக்கும் ஒருங்கே உயிர்நாடியாக அமைந்தது. தவறான சித்தாந்தத்திலிருந்து சரியான பொருள் பிறந்த நிகழ்ச்சிகள் விஞ்ஞான சரித்திரத்தில் பல உண்டு. எனினும், தவறென்று தம் கண்முன்னே நிரூபணமான ஒன்றை இவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு, அதன் வழியாகவே இவ்வளவு பெரிய பலனை அடைந்தவர் எனக்குத் தெரிந்து வேறொருவர் இல்லை.

அவர் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கவுன்சில் பிளஃப்ஸ் என்னும் ஊரில் 1873இல் பிறந்தவர். தகப்பனார் கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்களுக்கென்று அலபாமாவில் நடந்துவந்த டல்லடேகா கல்லூரிக்குத் தலைவராக அவர் சென்றதால், அவ்வூர் வெள்ளையர்கள் அந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவைத்தார்கள். மகனையும் போதகராக்க வேண்டுமென்பது தகப்பனாரின் விருப்பம். மகனுக்கோ யந்திரங்களின்மேல் தீராத மோகம், அதைவிடத் தீராதது கீர்த்தியின்மேல். யேல் பல்கலைக்கழகத்தில் ஹெர்ட்ஸ் அலைகள் எனப்பட்ட மின்காந்த அலைகளைப் பற்றி ஆராய்ந்து 1899இல் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்த சில ஆண்டுகளுக்குள், பங்குப் பத்திரங்களை விற்பதில் மகா சாமர்த்தியசாலியான ஏப்ரகாம் வைட் என்பவரோடு கூடிக் கம்பியில்லாத் தந்திக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். கருவிகள் விற்றதைக் காட்டிலும் பங்குகள் விற்றதே அங்கு அதிகம். 1904இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் அந்தக் கம்பெனி கோபுரம் எழுப்பித் தங்கப் பதக்கமும் பெற்றது. ஆனால் அது பயன்படுத்திய அலையுணர் கருவி ரெஜினால்ட் ஃபெஸெண்டன் என்பவரின் கருவியைப் பின்பற்றியது என்று 1906இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் சீட்டுக்கட்டு சரிந்தது. டி ஃபாரஸ்ட் ஆயிரம் டாலரோடு வெளியேற்றப்பட்டார். அவர் அண்மையில் செய்திருந்த கண்ணாடிக் குழலின் உரிமை ஒன்றுக்கும் உதவாதது என்று கருதிய கூட்டாளிகள், அதை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

அந்தக் குழலின் வமிசாவளியைச் சற்றுப் பார்க்க வேண்டும். மின்விளக்கின் இழை சூடேறும்போது அதிலிருந்து ஏதோ ஒன்று வெளிப்பட்டு, குழலுக்குள் வைத்த உலோகத் தகட்டை அடைந்து, இடையே கம்பித் தொடர்பு இல்லாமலே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது என்பதை எடிசன் 1880களிலேயே கண்டிருந்தார். அந்த 'ஏதோ ஒன்று' எலெக்ட்ரான்களின் கூட்டம் என்பது பின்னரே தெரிந்தது. எலெக்ட்ரான்கள் சூடான இழையிலிருந்து தகட்டுக்குச் செல்லுமேயன்றித் தகட்டிலிருந்து இழைக்குத் திரும்பா. ஆகையால் இக்குழல் மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதையாகிறது. இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, வானொலி அலைகளை உணரும் வால்வைச் செய்தார். இழை ஒன்று, தகடு ஒன்று, அவ்வளவே. அதிலிருந்து தாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, தமது பாதை சிகாகோவின் சுடரிலிருந்து தொடங்கியது என்று டி ஃபாரஸ்ட் கடைசிவரை சாதித்துவந்தார். 1916இல் அமெரிக்க நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆனால் டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். இழைக்கும் தகட்டுக்கும் நடுவே, வளைத்து நெளித்த நிக்கல் கம்பி ஒன்றைச் சன்னல் கம்பிபோல நிறுத்தி, வானத்திலிருந்து ஏரியல் பற்றிக்கொண்டு வரும் மெல்லிய மின்னதிர்வை அதற்கு ஊட்டினார். கிரிட் என்று பெயர் பெற்ற அந்தக் கம்பியில் எதிர்மின்னூட்டம் ஏறினால், தானும் எதிர்மின்னூட்டமுடைய எலெக்ட்ரான் கூட்டம் விலக்கப்பட்டுத் தகட்டை அடையாமல் தயங்கும். ஊட்டம் குறைந்தால் தடையின்றிப் பாயும். ஏரி மதகின் திருகைச் சற்றே திருப்புகிற சிறுவனுக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீரைத் தள்ளும் பலம் இல்லை. பலம் ஏரியுடையது, சிறுவன் செய்வது அதற்கு விடை கொடுப்பது மட்டுமே. அதுபோலத் தகட்டோடு இணைத்த பாட்டரியின் வலுவான மின்னோட்டம், கிரிட்டுக்கு வந்த நலிந்த அதிர்வின் ஏற்றத் தாழ்வுகளை அப்படியே பின்பற்றி, ஆனால் பல மடங்கு பெரிதாக, ஏறி இறங்குகிறது. ஒரு குழலிலிருந்து வெளிவருவதை அடுத்த குழலின் கிரிட்டுக்கு ஊட்டினால் பெருக்கம் மேலும் பெருகும். ஆடியான் என்று பெயரிடப்பட்ட இக்குழலுக்கு 1908 பிப்ரவரி 18 அன்று, 8,79,532 என்ற எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது.

அந்தக் காப்புரிமைப் பத்திரத்தில் உள்ள வரைபடம் சரியானது; ஆனால் குழல் ஏன் வேலை செய்கிறது என்பது பற்றி அதை வரைந்தவர் கொண்டிருந்த கருத்துச் சரியானதன்று. குழலுக்குள் மிஞ்சியிருக்கும் சிறிதளவு வாயுவே அலைகளை உணர்கிறது, வாயுவை முழுவதும் நீக்கிவிட்டால் கருவி செத்துப்போகும் என்றே டி ஃபாரஸ்ட் நம்பினார். சிகாகோ விளக்கின் ஆவி அவரை விட்டபாடில்லை. இந்த நம்பிக்கையின் விளைவாக, அவருடைய குழல்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை; ஒன்று நன்றாகக் கேட்கும், அடுத்தது கரகரக்கும்; மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் உள்ளே நீலநிறப் புகைபோன்ற ஒளி தோன்றி, பெருக்கம் நின்றுபோகும். குழல் பிறந்து ஐந்தாறு ஆண்டுகள் வரை அது பெருக்கும் கருவியாக அன்றி, உணரும் கருவியாக மட்டுமே பயன்பட்டது என்பது வியப்பாகத் தோன்றலாம். 1912இல் கலிபோர்னியாவில் ஃபெடரல் டெலிகிராஃப் கம்பெனியில் உதவியாளர்களோடு வேலை பார்த்தபோதுதான் அதன் பெருக்கும் சக்தியை டி ஃபாரஸ்ட் முழுமையாகப் பிரயோகித்துப் பார்த்தார். அவ்வாண்டே அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியாரிடம் அதைக் காட்டினார். அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஹெரால்ட் ஆர்னால்ட் என்ற இளம் பௌதிக விஞ்ஞானி நீல ஒளியைப் பார்த்த மாத்திரத்தில் நோய் இன்னதென்று கண்டுகொண்டார்: வாயுதான் நோய். உள்ளே இருந்ததை இயன்றமட்டும் உறிஞ்சி வெளியேற்றியதும் குழல் நம்பகமான கருவியாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிசாலையில் இர்விங் லாங்மியூரும் இதே முடிவுக்கு வந்தார். 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை கண்டத்தைக் கடந்து மனிதக் குரல் கம்பி வழியே சென்றபோது, வழியில் அதைத் தூக்கிவிட்டவை ஆர்னால்டின் கைபட்ட ஆடியான்களே.

தொலைபேசிப் பயன்பாட்டு உரிமைக்காக அந்தக் கம்பெனி 1913இல் டி ஃபாரஸ்டுக்குக் கொடுத்தது 50,000 டாலர். பணம் வந்த அதே ஆண்டில் அவர் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார். தபால் மூலமாகப் பங்குகள் விற்றுப் பொதுமக்களை ஏமாற்றியதாகக் கூட்டாளிகளோடு அவர்மீதும் வழக்குத் தொடுத்த அரசாங்க வழக்கறிஞர், மனிதக் குரலை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்ப முடியும் என்று சொல்லித் திரிந்ததையே மோசடிக்குச் சான்றாகக் காட்டினார். கூட்டாளிகள் சிலர் சிறை சென்றார்கள்; டி ஃபாரஸ்ட் விடுதலையானார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1915இல், வர்ஜினியாவின் ஆர்லிங்டன் நிலையத்திலிருந்து எழுந்த குரல் பாரிஸின் ஐஃபல் கோபுரத்தில் கேட்டது. அதை அனுப்பிய கருவியில் நூற்றுக்கணக்கான ஆடியான் வமிசக் குழல்கள் ஒளிர்ந்தன.

வானொலி என்பது கப்பலுக்குக் கப்பல் செய்தி அனுப்பும் சாதனம் மாத்திரம் அன்று, ஒருவர் பாட ஊரெல்லாம் கேட்பதற்கான சாதனம் என்ற எண்ணத்தை அவர் மிக முன்னதாகவே கொண்டிருந்தார். 1910 ஜனவரி 13 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் இசை நாடக அரங்கிலிருந்து, உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரலை அவர் ஒலிபரப்பினார். கேட்டவர்கள் சில கப்பல்களில் இருந்த தந்தியாளர்களும், ஆங்காங்கே கருவி வைத்துக் காத்திருந்த பத்திரிகையாளர்களும்தான். அவர்கள் காதில் விழுந்ததில் சங்கீதத்தைவிடக் கரகரப்பே மிகுதி. அன்று ஒலிபரப்பியது ஆடியானுமன்று, மின்வில் கொண்டு அலை உண்டாக்கும் பழைய கருவி. குழலைக் கொண்டே அலைகளை உண்டாக்கத் தெரிந்த பிறகு, 1916இல் நியூயார்க்கின் ஹைபிரிட்ஜ் பகுதியிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி வந்தார். அவ்வாண்டு நவம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவையும் அங்கிருந்து அறிவித்தார்கள். ஹியூஸ் வெற்றி என்று அறிவித்தார்கள், வென்றவரோ வில்சன். வானொலித் தேர்தல் செய்தியின் ஆரம்பம் இத்தகையது.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நடந்த வழக்கை விரிவாகச் சொல்லப் புகுந்தால் அதுவே தனி நூலாகிவிடும். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராயிருந்த ஆர்ம்ஸ்ட்ராங், குழலிலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் அதன் கிரிட்டுக்கே ஊட்டினால் பெருக்கம் பன்மடங்காவதையும், எல்லை கடந்தால் குழல் தானே அலைகளை உண்டாக்கத் தொடங்குவதையும் 1912இல் கண்டு, காரணத்தையும் அறிந்து விளக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் டி ஃபாரஸ்டின் உதவியாளர் தமது குறிப்பேட்டில், குழல் ஊளையிட்டது என்று எழுதிவைத்திருந்தார். அந்த ஊளையை ஒரு தொல்லையாகவே அவர்கள் அப்போது கருதினார்கள். அந்தக் குறிப்பை ஆதாரமாகக் கொண்டு நடந்த வியாஜ்யம் இருபது ஆண்டுகள் நீடித்து, 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொறியியலாளர்களில் பெரும்பாலோர் அத்தீர்ப்பை ஒப்பவில்லை. வானொலிப் பொறியியலாளர் கழகம் தமக்கு முன்னர் அளித்திருந்த பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, கழகத்தார் அதை வாங்க மறுத்து, அது அவருக்கே உரியது என்று உறுதிப்படுத்தினார்கள். என் அபிப்பிராயமும் கழகத்தாரின் பக்கமே. ஊளையைக் கேட்பது வேறு, அதன் காரணத்தை உணர்வது வேறு.

ஆடியானின் உரிமைகளை 1917க்குள் ஏறக்குறைய முழுவதும் விற்றுவிட்ட டி ஃபாரஸ்ட், அடுத்து நாடியது சினிமாவை. சினிமாவைப் பேசவைக்கும் ஆசை சினிமாவோடு கூடவே பிறந்தது; அதற்கு இடையூறாக நின்றவை இரண்டு. திரையில் உதடு அசைவதும் கிராமபோன் பேசுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். பேசியது ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். எடிசன் 1913இல் கொண்டுவந்த பேசும்படம் இரண்டிலும் தவறிற்று. இரண்டாவது இடையூறைத் தீர்க்கும் மருந்து டி ஃபாரஸ்டிடம் ஏற்கெனவே இருந்தது: ஆடியான். முதலாவதற்கு அவர் கைக்கொண்ட வழி, ஒலியைத் தனித்தட்டில் பதியாமல், படம் பதிந்த அதே பிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதிவது. ஒரே பிலிமில் இருப்பவை எங்ஙனம் ஒன்றையொன்று விட்டு விலகும்? இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. யூஜின் லாஸ்ட் என்பவர் அவருக்கு முன்பே முயன்றிருந்தார், ஜெர்மனியில் ஃபோக்ட், எங்கல், மாசோலே என்ற மூவர் அதே காலத்தில் முயன்று 1922இல் பெர்லினில் காட்டியும் விட்டார்கள்.

செய்முறை சுருக்கமாக இது. பேச்சின் அதிர்வு மைக்ரோபோனில் மின்னதிர்வாக மாறி, ஆடியான்களால் பெருகி, வாயு நிரப்பிய ஒரு சிறு மின்விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஒளி நுண்ணிய பிளவின் வழியாக, ஓடும் பிலிமின் ஓரத்தில் விழுந்து, கறுப்பும் சாம்பலுமான குறுக்குக் கோடுகளை வரைகிறது. திரையிடும்போது விளக்கொளி அக்கோடுகளை ஊடுருவிச் சென்று ஒளிமின்கலத்தில் விழ, ஒளியின் ஏற்றத்தாழ்வு மறுபடியும் மின்னதிர்வாகி, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் குரலாகிறது. பின்னர் நிலைபெற்ற வேகத்தின்படி பிலிம் நொடிக்கு 18 அங்குலம் ஓடுகிறது. நொடிக்கு 6,000 முறை அதிரும் ஒலி அதில் பதியும்போது ஓர் அதிர்வுக்குக் கிடைக்கும் இடம் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கியதில் மூன்று கூறுதான். பிளவு அதைவிடவும் ஒடுக்கமாக இருந்தாலன்றி அடுத்தடுத்த கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. படம் தெரிவதற்குப் பிலிம் நின்று நின்று செல்ல வேண்டும். ஒலி கேட்பதற்கோ அது சீராக வழுக்கிச் செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய இயலாதாகையால், ஒலித்தடத்தை அதற்குரிய படத்துக்குச் சுமார் 20 சட்டங்கள் முன்னதாகப் பதித்து, வேறோரிடத்தில் வாசிக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் இரு முனைகளிலும், விளக்கிலும் கலத்திலும், டி ஃபாரஸ்டின் சொந்தச் சாதனங்கள் சோபிக்கவில்லை. அவரைக் காப்பாற்றியவர் நியூயார்க் மாகாணத்தில் ஆபர்ன் என்னும் சிற்றூரில் சொந்த ஆராய்ச்சிசாலை வைத்திருந்த தியோடோர் கேஸ். முதல் உலகப் போர்க்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் செய்தி அனுப்புவதற்காக, தாலியமும் கந்தகமும் சேர்ந்த நுட்பமான ஒளிமின்கலத்தை அவர் செய்திருந்தார்; பிலிமில் ஒலி பதிவதற்கேற்ற விளக்கையும் அவரும் உதவியாளர் எர்ல் ஸ்போனபிளும் உருவாக்கித் தந்தார்கள். 1923 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் ரிவோலி அரங்கில் ஃபோனோஃபிலிம் என்ற பெயரோடு டி ஃபாரஸ்ட் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திரையிட்ட குறும்படங்கள், கேஸின் கண்ணும் டி ஃபாரஸ்டின் குரலுமாகச் சேர்ந்து பேசியவை. விளம்பரங்களிலோ டி ஃபாரஸ்டின் பெயர் மட்டும் பெரிதாக மின்னிற்று. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று பேசியதும் பேசும் படமாயிற்று. ஃபிளைஷர் சகோதரர்கள் ஒலியோடு கூடிய சித்திரப் படங்களையும் இம்முறையில் எடுத்தார்கள். வால்ட் டிஸ்னியின் மிக்கி எலி திரையில் விசிலடிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக இது நடந்தது.

இருந்தும் ஹாலிவுட் பெருமுதலாளிகள் அசையவில்லை. ஊமைப் படங்களில் இலாபம் குவிந்துகொண்டிருக்கையில் ஒவ்வோர் அரங்குக்கும் புதுக்கருவி பொருத்தச் செலவிடுவானேன் என்பது அவர்கள் எண்ணம். டி ஃபாரஸ்டிடம் கதைப்படங்களும் இல்லை, பாட்டும் நடனமும் விகடமும் கொண்ட துண்டுப்படங்களே இருந்தன. தமக்குரிய பெயர் தமக்குத் தரப்படவில்லை என்று மனம் கசந்த கேஸ் 1925இல் உறவை முறித்துக்கொண்டு, மறு ஆண்டே தமது முறையை படமுதலாளி வில்லியம் ஃபாக்ஸுக்கு விற்றார்; அதிலிருந்து மூவிடோன் என்ற பேசும்பட முறை பிறந்தது. ஃபோனோஃபிலிம் கம்பெனி 1926இல் திவாலாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வார்னர் சகோதரர்கள் இசைத்தட்டோடு இணைத்த விடாஃபோன் முறையில் 'டான் ஜுவான்' படத்தை வெளியிட்டார்கள். 1927 அக்டோபர் 6 அன்று 'ஜாஸ் சிங்கர்' வந்து உலகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. விடாஃபோனின் பதிவுக் கருவியும் ஒலிபெருக்கியும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியார் செய்தவை. அக்கம்பெனி தொலைபேசிக் கம்பெனியின் உற்பத்தி அங்கம். அரங்கத்தை நிறைத்த ஒலியைப் பெருக்கித் தந்த குழல்கள், 1913இல் 50,000 டாலருக்கு டி ஃபாரஸ்ட் விற்றுவிட்ட ஆடியானின் நேர்ச் சந்ததிகள். தாம் விற்ற படைக்கலத்தாலேயே அவர் தோற்கடிக்கப்பட்டார் என்பது மிகைக் கூற்றன்று. வேடிக்கை என்னவென்றால், இசைத்தட்டு முறை சில ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. 1930களின் தொடக்கத்திலேயே வார்னர் சகோதரர்கள் உட்பட அனைவரும், ஒலியைப் பிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதியும் வழிக்கே வந்து சேர்ந்தார்கள்.

1950இல் வெளியிட்ட சுயசரிதைக்கு 'வானொலியின் தந்தை' என்று பொருள்படும் தலைப்பை அவரே சூட்டிக்கொண்டார். அந்தப் பட்டத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. குழலை விளங்கவைத்தவர்கள் ஆர்னால்டும் லாங்மியூரும். அதைக்கொண்டு வானொலியை வளர்த்ததில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு உள்ள பங்கு டி ஃபாரஸ்டின் பங்கைவிடப் பெரியது. ஆனால் மூன்றாவது கம்பி அவருடையது. ஃபிளெமிங்கின் உரிமையை அவர் மீறினார் என்று 1916இல் சொன்ன அதே தீர்ப்பு, கிரிட்டின் உரிமை டி ஃபாரஸ்டுடையது, ஃபிளெமிங்கின் வால்வுக்கு உரிமை பெற்ற மார்க்கோனி கம்பெனியார் அதை எடுத்தாள முடியாது என்றும் சொன்னது. பெருக்கும் கருவி என்று உலகத்தில் அதற்குப்பின் நாற்பது ஆண்டுகள் வழங்கியவற்றுள் பெரும்பாலானவை அந்த நெளிந்த நிக்கல் கம்பியிலிருந்து கிளைத்தவை.

சினிமாவுக்கு ஒலி தந்த கண்டுபிடிப்புகளுக்காக 1960இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் டி ஃபாரஸ்டுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கிற்று. மறு ஆண்டு ஜூன் 30 அன்று ஹாலிவுட்டில் அவர் காலமானார். தியோடோர் கேஸ் 1944இலேயே இறந்துவிட்டார். அந்த விருதின் வாசகத்தில் அவர் பெயர் இல்லை.